தராசும் கடிவாளமும்: ஒரு முன்னாள் ஜாக்கியின் பதில்கள்

22 வருடம் தரோபிரெட் என்ற பந்தயக் குதிரைகள் மேல் ஏறிப் பிழைத்தவன் நான். இப்போது அப்ரெண்டிஸ் பிள்ளைகளுக்குக் குதிரை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பந்தயத்தில் குதிரை ஓட்டும் ஜாக்கி தொழில் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டாக வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் படித்தேன். பலரும் கேட்டிருந்ததையும், படித்த பிறகு மனதை விட்டுப் போகாத சிலவற்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 15 வயது. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 41 கிலோ. "நீ ஜாக்கியாகத்தான் லாயக்கு" என்று சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி, இப்போது அவனும் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறான். உருவம் மட்டும் போதுமா? – ஒரு தந்தை

போதாது ஐயா. சின்ன உருவம் இருந்தால் உள்ளே விடுவார்கள். அதற்கு மேல் அது எதையும் செய்து தராது.

முதலில் பையனுடைய பாதத்தைப் பாருங்கள். குதிரைகளைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிற பழைய ட்ரெய்னர்கள் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது முகத்தைப் பார்க்கும் முன் செருப்பைத்தான் பார்ப்பார்கள். உடம்பு சின்னதாகவும் பாதம் பெரியதாகவும் இருந்தால் அவன் இன்னும் வளரப்போகிறான். 15 வயதில் 41 கிலோ இருந்த பிள்ளை 18 வயதில் 60 கிலோ ஆவது சாதாரணம். அதற்குள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டிருந்தால் அவன் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் படிப்பை நிறுத்தாதீர்கள். பல நாடுகளில் 16 வயதுக்கு முன் பந்தயத்தில் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. அவசரப்பட ஒன்றும் இல்லை.

உயரமானவர்கள் வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் பிகட் 173 சென்டிமீட்டர் உயரம். எப்சம் டெர்பி பந்தயத்தை 9 முறை ஜெயித்தவர். ஆனால் அந்த உயரத்துக்கு அவர் வாழ்நாள் முழுக்கப் பட்டினியால் வட்டி கட்டினார். உங்கள் பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம்.

பிறகு, விடுமுறையில் ஒரு மாதம் அவனை ஒரு லாயத்துக்கு அனுப்புங்கள். குதிரை மேல் ஏறுவதற்கு இல்லை. காலை நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ள, தண்ணீர் வாளி தூக்க, குளம்பு சுத்தம் செய்ய. என் முதல் ஏழு மாதமும் அப்படித்தான் போனது. குதிரை காதைப் பின்னால் மடித்தால் என்ன அர்த்தம், எந்தக் குதிரை பின்பக்கம் ஆள் வந்தால் உதைக்கும், எது தீவனத்தில் பாதியை மிச்சம் வைத்தால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், இதெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மாதக் கடைசியில் மகன் வீட்டுக்கு வரும்போது ஜெயிப்பதைப் பற்றிப் பேசுகிறானா, ஏதாவது ஒரு குதிரையைப் பற்றிப் பேசுகிறானா என்று கவனியுங்கள். குதிரையைப் பற்றிப் பேசினால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஓடுவது குதிரை. ஜெயிப்பது குதிரை. மேலே உட்கார்ந்திருக்கிறவர் அப்படி என்னதான் செய்கிறார்? – கல்லூரி மாணவி

மேலே யாரும் உட்காருவதில்லை அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சேணத்தின் எடை ஒரு கிலோகூட இருக்காது, அதுவும் உட்காருவதற்கென்று போட்டதில்லை. சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையமான அங்கவடியில் கால் விரல்களின் அடிப்பாகத்தை மட்டும் ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகைக் குதிரையின் கழுத்துக்கு இணையாக வைத்துக் குந்தியபடி நிற்க வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள். முன்பாதத்தில் குந்தி, பிட்டம் எதிலும் படாமல், இரண்டு நிமிடம். தொடை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணியை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும்.

இந்தக் குந்தலுக்கு ஒரு வரலாறு உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசி வரை ஜாக்கிகள் காலை நீட்டி நிமிர்ந்துதான் ஓட்டினார்கள். டாட் ஸ்லோன் என்ற அமெரிக்க ஜாக்கி 1897-ல் இங்கிலாந்துக்குப் போய் இப்படிக் குந்தி ஓட்டியபோது குரங்கு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். அவர் ஜெயிக்க ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது, எல்லோரும் குந்தினார்கள். அந்தக் காலகட்டத்தில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன. காரணம் எளிது. குதிரையின் உடம்பு ஒவ்வொரு பாய்ச்சலிலும் மேலே போய்க் கீழே வரும். நாம் உட்கார்ந்திருந்தால் நம்மையும் சேர்த்துத் தூக்க வேண்டும். நம் முழங்கால் ஸ்பிரிங் மாதிரி மடங்கி விரிந்தால் நாம் ஒரே மட்டத்தில் மிதப்போம், குதிரை தன்னை மட்டும் தூக்கினால் போதும். ஜாக்கியின் தொடை வலிக்கிற அளவுக்குக் குதிரைக்குச் சுமை குறையும்.

அடுத்தது கடிகாரம். ஒரு ஃபர்லாங் என்பது 201 மீட்டர். அதை 12 நொடியில் ஓடுகிறோமா 13 நொடியில் ஓடுகிறோமா என்பது எந்தக் கருவியும் இல்லாமல் உடம்புக்குத் தெரிய வேண்டும். முன்னால் போகிறவன் மெதுவாக இழுக்கிறான் என்றால், நான் பின்னால் சும்மா இருந்தால் கடைசியில் அவனைப் பிடிக்க முடியாது. அவன் கண்மண் தெரியாமல் போகிறான் என்றால், நான் துரத்தினால் என் குதிரையும் சேர்ந்து சாகும். இதைத் தீர்மானிக்க ஒன்றிரண்டு நொடிதான் கிடைக்கும்.

மூன்றாவது, கை. இதைப் பற்றி எழுதினால் பத்திரிகை தாங்காது, ஒன்று மட்டும் சொல்கிறேன். பாய்ச்சலில் குதிரைக்கு எப்போதும் ஒரு முன்கால் மற்றதைவிட முன்னால் போய் விழும். வளைவில் உள்பக்கக் கால். வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் காலை மாற்றிக்கொண்டால், இதுவரை உழைத்த கால் ஓய்வெடுக்கும், குதிரைக்குப் புதுத் தெம்பு வந்த மாதிரி இருக்கும். நான் செய்வதெல்லாம் என் எடையை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒரு இம்மி நகர்த்தி, ஒரு கடிவாள வாரை விரல் நுனியால் தொடுவது. கேலரியில் இருக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. என் தொடைக்குக் கீழே அந்த மாற்றம் நடக்கும்போது, சைக்கிளில் கியர் விழுகிற மாதிரி ஒரு சின்ன தட்டு தட்டும். அந்தத் தட்டுக்காகத்தான் 22 வருடம் ஓட்டினேன் என்றுகூடச் சொல்வேன்.

மேலே இருப்பவரால் என்ன வந்துவிடும் என்பதற்கு 1957-ம் வருடம் அமெரிக்காவில் நடந்த கென்டக்கி டெர்பி பந்தயத்தைப் பாருங்கள். பில் ஷூமேக்கர், 8,833 பந்தயம் ஜெயித்த மகா ஜாக்கி. கேலண்ட் மேன் என்ற குதிரையில் ஜெயிக்கப் போகும் வேகத்தில் வந்தவர், வேறொரு கம்பத்தை முடிவுக் கம்பம் என்று நினைத்து ஒரு கணம் எழுந்து நின்றுவிட்டார். உடனே குனிந்துவிட்டார். ஆனாலும் மூக்கு வித்தியாசத்தில் அயர்ன் லீஜ் ஜெயித்தது. தப்பு என்னுடையது என்று அவர் ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே பெல்மான்ட் ஸ்டேக்ஸில் அதே குதிரையில் ஜெயித்தார். அப்ரெண்டிஸ் பிள்ளைகள் தப்பு செய்துவிட்டு அழும்போது இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இத்தனை வருட அனுபவம் இருக்கிறதே, வரும் வாரம் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று ஒரு நல்ல டிப்ஸ் கொடுங்களேன். – பெயர் வேண்டாம் என்றவர்

மாட்டேன். பல நாடுகளில் ஜாக்கி பந்தயத்தில் பணம் கட்டுவதே தடை செய்யப்பட்ட விஷயம், லைசென்ஸ் போய்விடும். நான் ஓட்டிய காலத்திலும் கட்டியதில்லை, பிறருக்குச் சொன்னதும் இல்லை. குதிரையை நேசிப்பவர் அதன் மேல் வீட்டு வாடகையை வைக்கக் கூடாது.

ஜாக்கிகள் சாப்பிடவே மாட்டார்களாமே, உண்மையா? என் தங்கை அப்ரெண்டிஸாகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் சாப்பிட்டு முடித்ததும் குளியலறைக்குப் போய்விடுகிறாள். – ஒரு அக்கா

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னைத் தூங்க விடவில்லை. அதற்கே முதலில் வருகிறேன். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவதன் அர்த்தம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் சில பந்தயத் திடல்களில் ஜாக்கிகள் அறையில் வாந்தி எடுக்கவென்றே தனித் தொட்டி கட்டி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அவளைத் திட்டாதீர்கள், பின்னாலேயே போய்க் கதவைத் தட்டாதீர்கள். தனியாக உட்காரவைத்து, "எனக்குத் தெரியும், பயப்படாதே" என்று சொல்லுங்கள். இந்த வாரமே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பல்லின் எனாமல் கரையும், எலும்பு மெலியும், ரத்தத்தில் உப்புச் சத்து தாறுமாறாகி இதயம் தடுமாறும். இது மன உறுதி போதாமல் வருவதில்லை. வியாதி. சிகிச்சை இருக்கிறது.

இனி எடைக் கணக்கு. ஒவ்வொரு பந்தயத்திலும் குதிரைக்கு இத்தனை கிலோ என்று ஒரு எடை விதிக்கப்படும். நல்ல குதிரைக்கு அதிகம், சுமாரானதற்குக் குறைவு. ஓட்டும் முன் சேணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் தராசில் ஏற வேண்டும். எடை குறைந்தால் ஈயத் தகடுகளைச் சேணத் துணியில் செருகிச் சரிக்கட்டலாம். எடை கூடினால் உருவி எடுக்க ஒன்றும் கிடையாது, அந்த மவுண்ட், அதாவது அந்தக் குதிரையை ஓட்டும் வாய்ப்பு, கை நழுவும். பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசு. அங்கே குறைந்தால் ஜெயித்த குதிரையையும் தள்ளுபடி செய்வார்கள்.

என் இயல்பான எடை 57 கிலோ. ஓட்டியது பெரும்பாலும் 51, 52-ல். ஒரு நாள் சாயங்காலம் ஒரு ட்ரெய்னர் கூப்பிட்டு, "நாளைக்கு 50-ல் ஓட்டுவாயா?" என்று கேட்டார். நல்ல குதிரை. தராசு 52.4 காட்டிக்கொண்டிருந்தது. "ஓட்டுவேன்" என்றேன். ராத்திரி சுடுதண்ணீர்த் தொட்டியில் உப்பைக் கொட்டி உட்கார்ந்தேன். பிறகு ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். விடிந்ததும் சானா என்ற சூட்டு அறை. வியர்வை நின்று போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். தராசில் ஏறும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சரியாக 50 கிலோ. தராசு அதிகாரி தலையசைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, அதைத்தான் இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

1,200 மீட்டர் பந்தயம். கடைசி 300 மீட்டரில் எனக்கு இரண்டு முடிவுக் கம்பங்கள் தெரிந்தன. கையில் வார் இருக்கிறது, விரல்கள் இல்லாத மாதிரி. குதிரை இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது, என்னால் நேராக்க முடியவில்லை. அந்தப் பக்கம் வந்த பையன் கத்தினான். அவன் முழுப் பலத்தோடு வாரை இழுத்து நிறுத்தியிராவிட்டால் அவன் குதிரையின் முன்கால் என் குதிரையின் பின்காலில் மாட்டியிருக்கும். அவனுக்கு அப்போது 19 வயது. பந்தய நடுவர்களான ஸ்டூவர்ட்ஸ் விசாரித்து எனக்குப் பத்து நாள் தடை போட்டார்கள். ஏன் நேராக ஓட்டவில்லை என்று கேட்டார்கள். கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை.

அதனால்தான் என் பிள்ளைகளிடம் தினம் சொல்கிறேன். காய்ந்து போன ஜாக்கி தன் உடம்பை மட்டும் பணயம் வைப்பதில்லை, பக்கத்தில் வருகிறவனையும் வைக்கிறான். இந்தத் தொழிலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று ஃபிரெட் ஆர்ச்சர். 13 வருடம் தொடர்ந்து பிரிட்டனின் சாம்பியன் ஜாக்கி, 2,748 வெற்றிகள். நல்ல உயரம், கொடூரமான பட்டினி. மனைவியை இழந்த துக்கம், உடம்பில் ஒட்டியிருந்த கொஞ்ச சக்தியையும் எடுத்த காய்ச்சல், எல்லாம் சேர்ந்து 1886-ல் 29 வயதில் அவரே தன் உயிரை முடித்துக்கொண்டார். அவருடைய வெற்றிகளைச் சொல்லும்போதெல்லாம் அந்த 29-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. பிரிட்டன் பந்தயத் திடல்களில் கொரோனா நேரத்தில் மூடிய சானா அறைகளை 2021-ல் நிரந்தரமாகவே மூடிவிட்டார்கள். என் பிள்ளைகள் ஆளுக்கொரு நோட்டு வைத்திருக்கிறார்கள். தினமும் காலை எடையை எழுத வேண்டும். பந்தயத்துக்கு முந்தின ராத்திரி குறைவது கொழுப்பு இல்லை, தண்ணீர். அதைக் குறைத்ததாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. இந்த எடையில் ஓட்ட முடியாது என்று ட்ரெய்னரிடம் சொல்ல ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால், ஃபினிஷில் நன்றாக ஓட்டியதைவிட அன்று எனக்குச் சந்தோஷம்.

தங்கைக்குச் சரியானதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் அம்மா.

சவுக்கால் அடிப்பது பாவம் இல்லையா? – ஆறாம் வகுப்பு மாணவன்

நல்ல கேள்வி தம்பி. இப்போதைய சவுக்கின் முனை பஞ்சு மாதிரியான பொருளால் மெத்தென்று செய்யப்பட்டது. எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. பிரிட்டனில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் 6 முறை, தடைதாண்டும் பந்தயத்தில் 7 முறை. வரம்பைவிட நாலு முறை அதிகம் அடித்தால் குதிரையே தகுதி இழக்கும். நார்வே 1980-களிலேயே அடித்து ஓட்டுவதை நிறுத்திவிட்டது.

நான் முதல் ஐந்து வருடம் நிறைய அடித்தேன். எல்லோரும் அடித்தார்கள், நானும் அடித்தேன். ஒரு செம்பழுப்புப் பெண் குதிரைதான் நிறுத்தவைத்தது. சவுக்கை உயர்த்தினாலே அது வாலைச் சுழற்றிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். மூன்று பந்தயம் தோற்றோம். நாலாவது முறை சவுக்கைக் கீழேயே வைத்துக்கொண்டு, அதன் கழுத்து நீளும்போது என் கையும் நீண்டு, அது சுருங்கும்போது சுருங்கி, அதன் தாளத்திலேயே தள்ளிக்கொண்டு போனேன். அதன் இரண்டு காதும் முன்னால் நிமிர்ந்தன. இரண்டு குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தோம். வலியால் ஓடுகிற குதிரை வலியிலிருந்து தப்பிக்கத்தான் ஓடும், முடிவுக் கம்பத்துக்கு ஓடாது. என்னைக் கேட்டால், திசை திருப்பவும் ஆபத்தில் காப்பாற்றவும் ஒரு சவுக்கு கையில் இருக்கலாம். அடிப்பதற்கு வேண்டாம். சக ஜாக்கிகள் பலர் இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

பெண்களால் ஆண்களுக்குச் சமமாக ஓட்ட முடியுமா? – ஒரு வாசகி

ஓட்டுகிறார்கள். விளையாட்டுகளில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தயத்தில், ஒரே விதியில், ஒரே பரிசுக்கு மோதுவது அபூர்வம். எங்கள் தொழில் அந்த அபூர்வத்தில் ஒன்று. 1969-ல் அமெரிக்காவில் டயான் கிரம்ப் முதன்முதலாக ஓட்டப் போனபோது கூட்டத்தை விலக்கி அழைத்துப்போக போலீஸ் வேண்டியிருந்தது. 1993-ல் ஜூலி குரோன் கலோனியல் அஃபேர் என்ற குதிரை மேல் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் ஜெயித்தார். 2015-ல் மிஷெல் பெய்ன், 100-க்கு 1 என்று யாரும் மதிக்காத பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் மேல் மெல்போர்ன் கோப்பையை எடுத்தார். 2021-ல் ரேச்சல் பிளாக்மோர் பிரிட்டனின் பெரிய தடைதாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலை ஜெயித்த முதல் பெண் ஆனார்.

சிக்கல் குதிரை மேல் இல்லை, குதிரை கிடைப்பதில் இருக்கிறது. நல்ல மவுண்ட் கொடுத்தால்தான் ஜெயிக்க முடியும், ஜெயித்தால்தான் நல்ல மவுண்ட் கொடுப்பார்கள். இந்த வட்டத்துக்குள் ஒரு ஆண் பிள்ளை நுழைய ஒரு வருடம் ஆனால் பெண் பிள்ளைக்கு மூன்று வருடம் ஆவதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் கற்கும் ஒரு பெண் பிள்ளையின் கை, முரட்டுக் குதிரையைக்கூட இரண்டு விரலில் அடக்கும் கை. அவளுக்கு இந்த மாதம் கிடைத்தவை நாலே மவுண்ட். எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

ஜாக்கிகளின் வருமானம் எப்படி? கோடீஸ்வரர்களா? – ஒரு வங்கி ஊழியர்

சிலர். பெரும்பாலானவர்கள் இல்லை. ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒரு நிலையான கட்டணம் உண்டு, தோற்றாலும் கிடைக்கும். ஜெயித்தால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு. அமெரிக்காவில் வழக்கமாக அது பத்தில் ஒரு பங்கு. அதிலிருந்து மவுண்ட் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுக்குக் கால் பங்கு வாக்கில் போகும். சேணம், உடை பார்த்துக்கொள்ளும் உதவியாளருக்குக் கொடுக்க வேண்டும். பயணம் நம் செலவு. எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் வருமானம் பூஜ்யம். காலையில் சம்பளம் இல்லாமல் பயிற்சிக் குதிரைகளை ஓட்டிக் காட்டுவது, மத்தியானம் யாராவது மவுண்ட் தருவார்கள் என்ற நம்பிக்கையில். பெரிய வீட்டோடு டிவியில் தெரிகிற ஒருவருக்குப் பின்னால், வாடகைக்குக் கணக்குப் போடுகிற ஐம்பது பேரை நான் அறிவேன்.

விழுந்திருக்கிறீர்களா? மறுபடி ஏற பயமாக இல்லையா? – இரண்டு பேர் கேட்டது

காரை எலும்பு இடப்பக்கம் இரண்டு முறை, வலப்பக்கம் ஒரு முறை. மணிக்கட்டு. நாலு விலா. தலையில் அடிபட்டு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை என் ஞாபகத்தில் இல்லை. அந்த ஞாயிறு காலை என் மகளோடு விளையாடினேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும். காரை எலும்புகளைவிட அந்த ஞாயிறுதான் எனக்கு வலிக்கிறது.

வேலை செய்கிறவர் பின்னாலேயே ஆம்புலன்ஸும் ஓடி வருகிற தொழில் வேறு எத்தனை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஒவ்வொரு பந்தயத்திலும் அது வரும். 1973-ல் செக்ரட்டேரியட் குதிரையில் பெல்மான்ட் ஸ்டேக்ஸை 31 நீளம் வித்தியாசத்தில் ஜெயித்த ரான் டர்காட்டை எல்லோருக்கும் தெரியும். 2 நிமிடம் 24 நொடி, இன்னும் முறியாத சாதனை. ஐந்து வருடம் கழித்து, அதே பெல்மான்ட் பார்க்கில், பெரிய பெயர் எதுவும் இல்லாத ஒரு பந்தயத்தில் விழுந்து அவருக்கு இரண்டு காலும் செயலிழந்தன. பிரிட்டனில் இரண்டு ஜாக்கிகள் அடுத்தடுத்து இப்படி முடங்கிய பிறகுதான் 1964-ல் அடிபட்ட ஜாக்கிகளுக்கான நிதி ஒன்று தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. அப்படி ஒன்று இல்லாத இடங்களில் உடனே வேண்டும்.

பயம் உண்டு. ஆனால் அது வீட்டில் வரும், பந்தயம் தொடங்கும் கேட்டுக்குள் (கதவுக்குள்) போனதும் போய்விடும். அங்கே வேறு வேலை. மண் பாதையில் முன் குதிரைகள் எறிகிற மண், கூழாங்கல் மாதிரி முகத்தில் அடிக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக நாலு கண்ணாடி மாட்டியிருப்போம். ஒன்று மண்ணால் மூடியதும் கீழே இழுத்துவிட்டு அடுத்ததால் பார்ப்போம். நாலாவதும் மூடிய பிறகு முன்னால் இருப்பவனுடைய உடையின் நிறம் மட்டும்தான் தெரியும். பயப்பட நேரம் ஏது?

நான் நிறுத்தியது எப்போது என்றால், ஒரு நாள் இரண்டு குதிரைக்கு நடுவே ஒரு இடைவெளி திறந்தது. முன்பெல்லாம் யோசிக்கும் முன்பே என் கை அதற்குள் போயிருக்கும். அன்று நான் யோசித்தேன். அரை நொடிதான், அதற்குள் இடைவெளி மூடிவிட்டது. அந்தச் சீசன் முடிந்ததும் லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. லெஸ்டர் பிகட் ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்து 1990-ல் திரும்பி வந்து, சில நாட்களிலேயே, 54 வயதில், ராயல் அகாடமி மேல் பிரீடர்ஸ் கப் மைல் ஜெயித்தார். அவருக்கு அந்த அரை நொடி வரவே இல்லை போலிருக்கிறது. எனக்கு வந்தது. நான் அதை மதித்தேன்.

ஜெயித்தது குதிரைக்குத் தெரியுமா? – நாலாம் வகுப்புச் சிறுமி

சிலவற்றுக்குத் தெரியும் கண்ணு. நான் சத்தியம் செய்யத் தயார். ஜெயித்துத் திரும்பும்போது கழுத்தை வளைத்து, தரையைத் தட்டித் தட்டி நடக்கும். தோற்ற அன்று அதே குதிரை தலையைத் தொங்கப்போட்டு வரும். சிலவற்றுக்குத் தெரியவே தெரியாது, தீவனத் தொட்டி எங்கே என்று பார்க்கும். இரண்டு ரகமும் எனக்குப் பிடிக்கும்.

எனக்கு 21 வயது. அப்ரெண்டிஸாக இருந்தபோது எடைச் சலுகைக்காகவே எல்லோரும் கூப்பிட்டார்கள். சலுகை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மாதம் மூன்று மவுண்ட் வந்தாலே அதிசயம். விட்டுவிடலாமா? – ஒரு ஜாக்கி

வாசகர்களுக்காக ஒரு விளக்கம். புதுப் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கிடைக்க, அவர்கள் ஓட்டும் குதிரைக்குச் சில கிலோ குறைத்துக் கொடுப்பார்கள். வெற்றிகள் சேரச் சேர அது சுருங்கும். பிரிட்டனில் 20 வெற்றி வரை 3.2 கிலோ, 50 வரை 2.3, 95 வரை 1.4. பிறகு ஒன்றும் இல்லை. நேற்று வரை குதிரைக்கு லாபமாக இருந்த பிள்ளை, இன்று உலகத்தின் எல்லா ஜாக்கிகளோடும் சம எடையில் நிற்க வேண்டும். இந்தத் தொழிலில் அதிகம் பேர் காணாமல் போவது இங்கேதான்.

தம்பி, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்கு அப்படி 14 மாதம் போனது. ஜாக்கிகள் அறையில் உடை மாற்றாமல் உட்கார்ந்து, மற்றவர்கள் தொப்பியில் நிறத் துணி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீயும் இப்போது அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரியும்.

மூன்று விஷயம் கேட்கிறேன், உனக்கு நீயே பதில் சொல்லிக்கொள். எடை தானாக நிற்கிறதா, பட்டினியால் நிற்கிறதா? பட்டினி என்றால் விட்டுவிடு, இன்றைக்கே. நீ ஓட்டிய பழைய பந்தயங்களின் வீடியோவை, தோற்றவற்றை, முழுதாகப் பார்த்திருக்கிறாயா? நான் பார்த்தபோது தெரிந்தது, கடைசி 200 மீட்டரில் என் பிட்டம் சேணத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. சலுகை எடை அதை மறைத்துவைத்திருந்தது. நாலு மாதம் தினமும் ஒரு மரக் குதிரை மேல் குந்தி அதைச் சரிசெய்தேன். மூன்றாவது, கூப்பிடவில்லை என்கிறாயே, நீ எத்தனை லாயத்துக்குப் போய்க் கேட்டாய்?

ரசல் பேஸ் 12,842 பந்தயம் ஜெயித்து 2016-ல் ஓய்வு பெற்றார். பெரும்பாலும் வடக்கு கலிஃபோர்னியாவின் திடல்களிலேயே, சாதாரண நாட்களில், சாதாரணக் குதிரைகளில். புதன்கிழமை பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஓட்டிய மனிதர். உனக்கு வேண்டியது ஒரு டெர்பி இல்லை, ஒரு புதன்கிழமை.

நாளைக் காலை ஐந்து மணிக்கு ஒரு லாயத்துக்குப் போ. பெரிய லாயம் வேண்டாம், பதினைந்து இருபது குதிரை இருக்கிற இடம். யாரும் ஏறப் பயப்படுகிற குதிரை, அல்லது வாயில் இரும்பைக் கடித்துக்கொண்டு கை வலிக்க இழுக்கிற குதிரை ஒன்று அங்கே கட்டாயம் இருக்கும். அதைக் கேள். பணம் கேட்காதே, அந்தக் குதிரையைக் கேள். முதல் வாரம் அதோடு சண்டை போடாமல், வாரைக் கொஞ்சம் தளர்த்தி, அதன் மூச்சைக் கவனி. ஓடும்போது குதிரைக்கு ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. அந்த மூச்சு உன் முழங்காலுக்குத் தெரிய ஆரம்பித்ததும் அது இழுப்பதை நிறுத்தும். ட்ரெய்னர் வேலி ஓரம் நின்று அதைப் பார்ப்பார். அவர் பார்க்காவிட்டாலும் குதிரைக்காரர் பார்ப்பார், சாயங்காலத்துக்குள் அவரிடம் சொல்லிவிடுவார்.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுது. எந்தக் குதிரை கொடுத்தார்கள், அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மட்டும் எழுது, போதும்.